வீரமுத்துவைத் தேடி: ஹட்டனிலிருந்து ஹாவாஎலிய வரை ஒரு சைக்கிள் பயணம்

நான் வேலை செய்யும் மருந்துக் கடையில் வருடத்துக்கு ஒரு தடவை சேர்ந்தாற்போல் மூன்று நாள் லீவு கொடுப்பார்கள். கூட வேலை செய்பவர்கள் அந்த லீவில் கண்டிக்கோ கொழும்புக்கோ போய்ப் படம் பார்த்துவிட்டு வருவார்கள். நான் 1957-ஆம் ஆண்டு செப்டம்பர் மாதம் முதல் ஞாயிற்றுக்கிழமை, சைக்கிளில் நுவரெலியாவுக்குப் புறப்பட்டேன். மாற்றலாகிப் போன ஒரு தோட்டப் பள்ளிக்கூட வாத்தியாரிடம் சைக்கிள் வாங்கி ஆறு மாதம் ஆகியிருந்தது. அதுவரை டிக்கோயாவைத் தாண்டி அதை ஓட்டியதில்லை. நுவரெலியாவுக்கு நாலைந்து தடவை பஸ்ஸில் போயிருக்கிறேன். ஒவ்வொரு தடவையும் மழைக்காக ஜன்னல் ஷட்டரை இறக்கிவிட்டார்கள். முப்பது மைலில் நான் பார்த்ததெல்லாம் முன் சீட்டுக்காரரின் தலைதான். அந்த ஊரை ஒழுங்காக, தெருத் தெருவாகப் பார்க்க வேண்டும் என்பதுதான் என் எண்ணம்.

அதன்பிறகு என்னிடம் வழி கேட்காத நண்பர்கள் இல்லை. எத்தனை மணி நேரம் ஆகும், எங்கே இறங்கித் தள்ள வேண்டும், எங்கே தங்கலாம் என்று கேட்கிறார்கள். அதனால் எல்லாவற்றையும் ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன். ஆனால் ஒன்றை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். நான் திட்டம் போட்ட பயணம் லிந்துலையோடு முடிந்துவிட்டது. அதற்கப்புறம் நடந்தது வேறு.

முதலில் காலத்தைப் பற்றி. ஏப்ரலில் போகாதீர்கள். அது காரில் வருகிறவர்களின் சீசன். ரோட்டில் சைக்கிளுக்கு இடமிருக்காது. ஜூன், ஜூலையில் மழை விடாது. ஆவணி பாதியைக் கடந்தால் மழை அலுத்துப்போய் விட்டுவிட்டுப் பெய்யும். காலையில் பன்னிரண்டு மணி வரை வானம் தெளிவாக இருக்கும். அந்தக் காலை நேரத்தை நம்பித்தான் நான் புறப்பட்டேன்.

காலை ஐந்து நாற்பதுக்கு ஹட்டன் ஸ்டேஷன் முன்னால் சைக்கிளில் ஏறினேன். கொட்டகலை நாலு மைல், ஆறேகாலுக்குப் போய்விட்டேன். அதுவரை பெரிய ஏற்றம் கிடையாது. அங்கிருந்து தலவாக்கலை வரை எட்டு மைல், ஏறுவதும் இறங்குவதுமான வளைவு ரோடு. வழியில் இரண்டு பெரிய நீர்வீழ்ச்சிகள் தெரியும். இரண்டாவதைப் பார்க்க ரோட்டோரத்தில் ஒரு கல்கட்டு இருக்கிறது. அதில் சைக்கிளைச் சாய்த்துவிட்டு இருபது நிமிடம் உட்கார்ந்திருந்தேன். எட்டு மணிக்குத் தலவாக்கலை. அங்கே காற்றடித்துக்கொண்டு, சங்கிலிக்கு எண்ணெய் விட்டுக்கொண்டு கிளம்பி, எட்டு நாற்பதுக்கு லிந்துலைச் சந்தியில் இறங்கினேன்.

லிந்துலையில் அக்கரப்பத்தனைக்குப் பிரியும் ரோட்டுக்குப் பக்கத்தில் சாலி நானா என்பவர் ஒரு சாப்பாட்டுக் கடை வைத்திருக்கிறார். ரொட்டி, தேங்காய்ச் சம்பல், பால் விடாத சாயத்தண்ணி மூன்றும் நன்றாக இருக்கும். மூன்றும் சேர்த்து முப்பது சதம்தான். ஞாயிற்றுக்கிழமையாதலால் தோட்டங்களிலிருந்து சாமான் வாங்க வந்தவர்களால் கடை நிரம்பியிருந்தது. நான் இரண்டாவது ரொட்டியைப் பிய்த்துக்கொண்டிருந்தபோது நானா என் மேசைக்கு வந்தார். அவருக்குப் பின்னால் முப்பது வயது மதிக்கத்தக்க ஒரு பெண் நின்றுகொண்டிருந்தார்.

"தம்பிக்கு இங்கிலீஸ் வாசிக்க வருமா?" என்று நானா கேட்டார். "நம்ம மகன் இருந்தா வாசிச்சிருவான். அவன் கொழும்புல நிக்கிறான். இந்தப் புள்ள காலையிலேருந்து காயிதத்தை வச்சிக்கிட்டு அலையுது."

அந்தப் பெண்ணின் பெயர் அங்கம்மா. பக்கத்துத் தோட்டத்தில் கொழுந்து பறிப்பவர். முந்தானையில் சுற்றி வைத்திருந்த நீள உறையை எடுத்து மேசையில் வைத்தார். "எங்க வீட்டுக்காரர் பேருக்கு வந்ததுங்க. எங்க தோட்டத்துல வீரமுத்துன்னு ரெண்டு பேரு. இத கீழ் லயத்து வீட்டு வீரமுத்துகிட்ட குடுத்துட்டாங்க. அவரு பெட்டிக்குள்ள போட்டு வச்சிட்டு மறந்துட்டாரு. நேத்து சாயங்காலம்தான் அவரு சம்சாரம் கொண்டாந்து குடுத்திச்சி. கணக்கப்பிள்ளை ஐயாவும் லீவுல போயிட்டாரு."

மருந்துப் போத்தல்களில் ஒட்டியிருப்பதைப் படித்துப் படித்து எனக்கு வந்த இங்கிலீஷ்தான். ஆனாலும் அந்தக் கடிதம் புரிந்தது. தோட்டத் தொழிலாளர்களின் குடியுரிமையைச் சட்டம் போட்டுப் பறித்த பிறகு, வீரமுத்துவும் மனைவியும் பிள்ளைகளும் குடியுரிமைக்குப் போட்ட மனு விசாரணைக்கு எடுக்கப்படுகிறது. மனுதாரர் எல்லா அத்தாட்சிகளோடும் நேரில் வர வேண்டும். வராவிட்டால் மனு தள்ளுபடியாகலாம். இடம் நுவரெலியா. நேரம் காலை பத்தரை. தேதியை இன்னொரு தடவை பார்த்தேன். மறுநாள் திங்கட்கிழமையின் தேதி அது.

மெதுவாகத்தான் சொன்னேன். அங்கம்மா பெஞ்சு விளிம்பில் உட்கார்ந்தார். "அவரு இங்க இல்லீங்களே," என்றார்.

தோட்டத்தில் வேலை குறைந்த மாதம் என்பதால் வீரமுத்து பத்து நாளுக்கு முன்னால் நுவரெலியாவுக்குக் கூலி வேலைக்குப் போயிருந்தார். பியதாச என்ற சிங்கள பாஸ் ஒருவர் பங்களாக்களின் தகரக் கூரைகளுக்குத் தார் பூசும் வேலை எடுத்திருக்கிறார், அவரோடு போயிருக்கிறார். பந்தயத் திடலுக்குப் பக்கத்தில் ஒரு பங்களா என்று சொல்லிவிட்டுப் போனாராம். அங்கம்மாவுக்குத் தெரிந்தது அவ்வளவுதான். ஞாயிற்றுக்கிழமை, தந்தி அடிக்கவும் வழியில்லை. அடிப்பதென்றாலும் எந்த விலாசத்துக்கு?

"நான் இப்ப நுவரெலியாவுக்குத்தான் போறேன் அக்கா," என்று சொன்னேன். "நீங்க நாளைக்கு மொத பஸ்ஸுல எல்லாக் காயிதத்தையும் எடுத்துக்கிட்டு நேரா அந்த ஆபீசுக்கு வந்துருங்க. அண்ணனை நான் கூட்டிக்கிட்டு வர்றேன்."

சொல்லும்போது சுலபமாக இருந்தது. அங்கம்மா என் முகத்தையே கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "சரிங்க தம்பி" என்று ஒரே வார்த்தையில் நம்பிவிட்டார். சைக்கிளில் ஏறி அரை மைல் போன பிறகுதான் நான் என்ன சொல்லிவிட்டு வந்திருக்கிறேன் என்று எனக்கே உறைத்தது. முகம் தெரியாத ஒரு மனிதரை, ஒரு பாஸின் பெயரை மட்டும் வைத்துக்கொண்டு தேடிப் பிடிக்க வேண்டும்.

லிந்துலையிலிருந்து நானுஓயாவுக்குப் பத்து மைலுக்கு மேல். இந்தப் பாதையில்தான் கால் கழன்று போகும். பாதித் தூரம் நான் சைக்கிளைத் தள்ளிக்கொண்டுதான் போனேன். இடுப்பளவு தேயிலைக்கு நடுவே ரோடு வளைந்து வளைந்து ஏறும். மேலே போய்விட்டோம் என்று நினைக்கும்போது இன்னொரு வளைவு தெரியும். அவசரம் இல்லாதவர்கள் ராதெல்லையில் இறங்கி ஓய்வெடுங்கள். பார்க்க அழகான இடம் என்று சொல்கிறார்கள். எனக்கு அங்கே என்ன இருந்தது என்று ஞாபகமில்லை. நானுஓயா பன்னிரண்டு முப்பத்தைந்து. அங்கிருந்து ஐந்து மைல் ஏறி, பிளக்பூல் வழியாக நுவரெலியாவுக்குள் நுழையும்போது மணி இரண்டேகால். ஹட்டனைவிட இரண்டாயிரம் அடி உயரம். உடம்பு முழுக்க வியர்வை, காது மட்டும் குளிரில் விறைத்துப் போயிருந்தது. ஸ்வெட்டர் கட்டாயம் கொண்டு போங்கள். சைக்கிள் ஓட்டும்போது அல்ல, நிற்கும்போது தேவைப்படும்.

பஜாரில் விசாரித்ததில் பியதாச பாஸை இரண்டு பேருக்குத் தெரிந்திருந்தது. ஆனால் எந்த பங்களாவில் வேலை என்று தெரியவில்லை. எனவே பந்தயத் திடலைச் சுற்றியிருந்த ரோடுகளில் ஒவ்வொரு கேட்டாக நின்று கூரையைப் பார்த்துக்கொண்டு போனேன். தெருத் தெருவாகப் பார்க்க வேண்டும் என்று ஆசைப்பட்டேன் அல்லவா, பார்த்தேன். ஆள் உயரத்துக்கு வெட்டிய வேலிகள், சிவப்புக் கூரை, பச்சைக் கூரை, புகை வராத புகைபோக்கி. மூன்றரை மணிக்கு ஒரு கேட்டில் தார் வாசம் அடித்தது. கூரை பளபளவென்று கறுப்பாக இருந்தது, ஏணியைக் காணோம்.

அந்த பங்களாவின் காவல்காரர் வயதான சிங்களவர். என் சிங்களம் சந்தைச் சிங்களம்தான். வெள்ளிக்கிழமையே வேலை முடிந்து எல்லோரும் போய்விட்டார்கள் என்றும், அடுத்த வேலை எங்கே என்று தனக்குத் தெரியாது என்றும் சொன்னார். பிறகு என் முகத்தைப் பார்த்துவிட்டு, "பாஸ் ஐயாவின் வீடு பம்பரக்கலைப் பக்கம்; அங்கே கேட்டுப் பார்," என்று கை காட்டினார்.

பம்பரக்கலை மேட்டில் சைக்கிள் ஓட்ட முடியாது, தள்ளத்தான் வேண்டும். ஒட்டினாற்போல் சின்னச் சின்ன வீடுகள், ஒவ்வொரு வீட்டுக்கும் பின்னால் வெங்காயத்தாள் மாதிரியான லீக்ஸ் பாத்தி. பாஸின் வீட்டைக் கண்டுபிடித்தபோது நாலே முக்கால். பாஸ் தன் கிராமத்துக்குப் போயிருந்தார். திங்கள் மத்தியானம்தான் வருவாராம். அவருடைய மனைவி எனக்குக் குடிக்கத் தண்ணீர் கொடுத்துவிட்டு யோசித்தார். வேலையாட்கள் எங்கே தங்குகிறார்கள் என்று அவருக்குத் தெரியாது. ஆனால் வாவி முடிகிற இடத்தில், ஒரு முதலாளியின் மரக்கறித் தோட்டத்தில் முத்து என்று ஒரு தமிழர் இருக்கிறார், சில நேரம் பாஸோடு வேலைக்குப் போவார் என்றார். வீரமுத்துவைத்தான் முத்து என்கிறார் என்று நினைத்துக்கொண்டு, பிரேக்கைப் பிடித்தபடியே மேட்டிலிருந்து இறங்கினேன்.

வாவிக்கரை ரோடு சமதளம். இந்தப் பயணத்திலேயே சைக்கிள் ஓட்டுவதற்குச் சுகமான இரண்டு மைல் அதுதான். தண்ணீருக்கு மேல் பனி இறங்கிக்கொண்டிருந்தது. மரக்கறித் தோட்டத்தில், கோவா (முட்டைக்கோஸ்) பாத்திக்கு நடுவே ஒருவர் குனிந்து களை பிடுங்கிக்கொண்டிருந்தார். "முத்து அண்ணனா?" என்று கேட்டேன்.

"ஆமாங்க."

"லிந்துலையில அங்கம்மா அக்காவோட வீட்டுக்காரர்தானே?"

அவர் நிமிர்ந்தார். "இல்லீங்க தம்பி. நான் காளிமுத்து."

மணி ஐந்தே முக்கால். நான் சைக்கிளை அப்படியே பாத்தி ஓரத்தில் போட்டுவிட்டு உட்கார்ந்துவிட்டேன். என்ன விஷயம் என்று அவர் கேட்டார், சொன்னேன். விசாரணை என்ற வார்த்தை வந்ததும் கையிலிருந்த களையைக் கீழே போட்டார். பிறகு, "எந்திரிங்க தம்பி. குளிர்ல உக்காராதீங்க," என்று தன் குடிசைக்குக் கூட்டிக்கொண்டு போனார்.

காளிமுத்துவுக்கு நாற்பது வயதிருக்கும். மனைவியும் ஐந்து வயது மகளும் அங்கே இருந்தார்கள். சுடச்சுட ரொட்டியும் லீக்ஸ் வதக்கலும் சாப்பிடக் கொடுத்தார்கள். சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது அவர் தன் கதையைச் சொன்னார். அவரும் முன்னால் ஒரு தோட்டத்தில் இருந்தவர்தான். அவருக்கு வந்த கடிதம் ஒழுங்காக வந்தது, தேதியும் தெரியும். விசாரணை நாளன்று விடியும்போது மகளுக்கு வலிப்பு வந்துவிட்டது. தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினார். பிள்ளை கண் திறந்த பிறகு அங்கிருந்து ஆபீசுக்கு ஓடினார்.

"நாலு மணிக்குப் போய் நின்னேன். மூணு தடவை பேரைக் கூப்பிட்டாங்களாம். ஆள் இல்லைன்னு எழுதிட்டாங்க. அப்புறம் மனு தள்ளுபடின்னு காயிதம் வந்திச்சி. மேல எழுதிப் போடணும்னு ஒருத்தரு சொன்னாரு. யாரைப் புடிச்சி எழுதுறதுன்னு அலையறதுக்குள்ள அதுக்கும் தவணை போயிருச்சி."

"புள்ளைக்காகத்தானே போகல," என்றார் அவர் மனைவி.

"அத எழுத அங்க இடமில்லையே," என்றார் காளிமுத்து. கோபமாகச் சொல்லவில்லை. மகளின் தட்டில் இன்னொரு துண்டு ரொட்டியை வைத்தார்.

சனிக்கிழமை சாயங்காலம் ஏணியும் தார் வாளியுமாக நாலைந்து பேர் ஹக்கலை ரோட்டில் போனதைத் தான் பார்த்ததாக அவர் சொன்னார். ஹாவாஎலிய பக்கம் எங்கேயோ வேலை பிடித்திருக்க வேண்டும். "நாளைக்குக் காலையில நானும் வர்றேன் தம்பி. அந்தப் பக்கம் எனக்கு வீடு வீடாத் தெரியும். மரக்கறி கொண்டுபோய்க் குடுக்கிற எடம்தான்." அன்று நான் அவர்கள் குடிசையில் சாக்கு விரித்துப் படுத்தேன். நுவரெலியாவில் எங்கே தங்கலாம் என்று கேட்கிறவர்களுக்கு என் அனுபவம் இவ்வளவுதான்.

திங்கட்கிழமை காலை ஆறு மணிக்குக் காளிமுத்துவைப் பின்னால் ஏற்றிக்கொண்டு புறப்பட்டேன். ஹாவாஎலிய சந்தியிலிருந்து பக்க ரோடுகள் கொடி மாதிரிப் பிரிகின்றன. ஒவ்வொன்றிலும் போய், ஒவ்வொரு வீட்டிலும் கேட்டு, திரும்பி வந்தோம். ஒரு வீட்டில் கூரை வேலை நடந்தது, ஆனால் ஓடு மாற்றுகிறவர்கள். இன்னொரு இடத்தில் நாய் துரத்தியது. இரண்டு பேரைச் சுமந்துகொண்டு என் சைக்கிள் அதுவரை அப்படி ஓடியதில்லை. ஏழரை ஆனது, எட்டு ஆனது. என் கால்கள் முதல் நாள் ஏற்றத்திலேயே போய்விட்டிருந்தன. காளிமுத்து மேடு வரும்போதெல்லாம் குதித்து இறங்கிப் பின்னாலிருந்து தள்ளிக்கொண்டே ஓடி வந்தார்.

எட்டு இருபத்தைந்துக்கு, ஒரு சரிவின் கடைசியில் இருந்த விடுமுறை பங்களாவின் கூரைமேல் மூன்று பேரைப் பார்த்தோம். "வீரமுத்து," என்று காளிமுத்து கீழிருந்து கூப்பிட்டார். மூவரில் ஒருவர் திரும்பினார்.

இறங்கி வந்தவர் முழங்கை வரை தாராக இருந்தார். நான் விஷயத்தைச் சொன்னேன். சந்தோஷப்படுவார் என்று எதிர்பார்த்தேன். அவர் ஏணியைப் பிடித்துக்கொண்டு தலையைக் குனிந்துகொண்டார்.

"போக வேணாங்க," என்றார்.

எனக்குப் புரியவில்லை. இன்னொரு தடவை சொன்னேன். "வெளங்குதுங்க தம்பி," என்றார் அவர். "என் பொறப்புச் சீட்டுல வீரன்னு இருக்கு. தோட்டத்துல பேர் போடற புத்தகத்துல, செக்ரோல்ல, வீரமுத்துன்னு இருக்கு. மனுவுல வீரமுத்துன்னுதான் போட்டோம். அவங்க கேட்டா நான் என்ன சொல்றது? பொய் சொன்னேன்னு உள்ள புடிச்சிப் போட்டா அங்கம்மாவும் புள்ளைங்களும் என்ன செய்யும்? எங்க லயத்துல போனவங்க பாதிப்பேருக்கு இல்லைன்னுதான் வந்திருக்கு. இதுல வேலைய விட்டுட்டுப் போனா, அந்த மேஸ்திரி என் எடத்துல வேற ஆளைப் போட்டுருவாரு."

பாஸ் இல்லாத நேரத்தில் வேலையைப் பார்த்துக்கொண்டிருந்த மேஸ்திரி கூரைமேல் நின்று எங்களையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் ஏதேதோ சொன்னேன். பெயர் வித்தியாசத்துக்கெல்லாம் யாரையும் பிடித்துப் போட மாட்டார்கள் என்றேன். எனக்கு அது நிச்சயமாகத் தெரியாது. அவருக்கும் அது தெரிந்தது.

காளிமுத்து தன் மேல்சட்டையைக் கழற்றிச் சைக்கிள் கைப்பிடியில் தொங்கவிட்டார். வீரமுத்துவின் கையிலிருந்த தார் பிரஷை வாங்கிக்கொண்டார்.

"ஒங்க எடத்துல நான் நிக்கிறேன். நீங்க போங்க," என்றார். "இல்லைன்னு அவங்க சொன்னா அது அவங்க சொன்னது. நீங்களே சொல்லிக்காதீங்க. நான் அப்படி ஆனவன். இன்னும் அந்த நாலு மணிதான் எனக்கு."

மேலே பார்த்துச் சிங்களத்தில் மேஸ்திரியிடம் ஏதோ சொன்னார். மேஸ்திரி தோளைக் குலுக்கிவிட்டு, சரி, ஆள் இருந்தால் போதும் என்பதுபோல் கையசைத்தார். காளிமுத்து ஏணியில் ஏறத் தொடங்கினார். வீரமுத்து அவர் ஏறி முடிக்கும்வரை பார்த்துக்கொண்டே நின்றார். பிறகு என் பக்கம் திரும்பி, "எவ்வளவு தூரங்க?" என்று கேட்டார்.

ஏறக்குறைய மூன்று மைல். வீரமுத்து முன் பாரில் உட்கார்ந்தார். தூறல் ஆரம்பித்திருந்தது. வாவிக்கரையில் இரண்டு தடவை சங்கிலி கழன்றது. இரண்டாவது தடவை மாட்டும்போது என் கையிலும் எண்ணெய்க் கறுப்பு. அதற்கப்புறம் சைக்கிளைத் தள்ளிக்கொண்டே இருவரும் ஓடினோம். ஆபீஸ் வாசலுக்குப் போய்ச் சேர்ந்தபோது ஒன்பது ஐம்பது.

அங்கம்மா வாசல் படியில் ஒரு தகரப் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். எட்டு மணியிலிருந்து அங்கே இருக்கிறாராம். புருஷனைப் பார்த்ததும் எழுந்து நின்றார். அவர் கைகளைப் பார்த்தார். பக்கத்திலிருந்த கடைக்குப் போய்க் கொஞ்சம் மண்ணெண்ணெய் வாங்கிக்கொண்டு வந்தார். படியில் உட்கார வைத்து, ஒரு கந்தைத் துணியால் விரல் விரலாகத் துடைத்தார். நகக்கண்ணில் இருந்தது மட்டும் போகவில்லை. "போதும் புள்ள," என்று வீரமுத்து சொல்லியும் விடவில்லை.

பதினொன்றேகாலுக்குப் பெயரைக் கூப்பிட்டார்கள். நான் தாழ்வாரத்தில் நின்றேன். கதவு திறந்தே இருந்தது. அதிகாரி இங்கிலீஷில் கேட்டார். பக்கத்தில் ஒருவர் தமிழில் சொன்னார்.

"நீங்கள் எப்போது இலங்கைக்கு வந்தீர்கள்?"

"நான் வரலீங்க," என்றார் வீரமுத்து. "எங்க அப்பாதான் வந்தாரு. நான் இங்கயே இருந்தேன்."

மொழிபெயர்ப்பவர் அதை இங்கிலீஷில் சொன்னார். அதிகாரி எழுதிக்கொண்டார். பிறகு வீரமுத்து பயந்த கேள்வி வந்தது. பிறப்புச் சீட்டில் ஏன் வேறு பெயர்? வீரமுத்துவின் குரல் எனக்குக் கேட்கவில்லை. அங்கம்மாவின் குரல்தான் கேட்டது.

"வீரன்னு வச்சது அவங்க அப்பா. செக்ரோல்ல பேர் பதியறப்ப கணக்கப்பிள்ளை வீரமுத்துன்னு எழுதிட்டாரு. எங்க தோட்டத்துல யார்கிட்ட வேணும்னாலும் கேளுங்க ஐயா. காலையில வேலைக்கு ஆள் பிரிக்கிற பெரட்டுல அந்தப் பேரைக் கூப்பிட்டாத்தான் இவரு போவாரு. அவங்க அம்மா சாகிறவரைக்கும் வீரான்னுதான் கூப்பிட்டாங்க."

அதிகாரி காகிதங்களைப் புரட்டினார். இரண்டு பெயரும் ஒரே ஆள்தான் என்று தோட்டத்திலிருந்து ஒரு அத்தாட்சிக் கடிதமும் செக்ரோல் பிரதியும் வேண்டும், மூன்று வாரம் தவணை என்று சொல்லி அனுப்பினார்கள். வெளியே வந்த வீரமுத்துவுக்கு அது நல்ல செய்தியா கெட்ட செய்தியா என்று தெரியவில்லை. "தள்ளுபடி இல்லைங்க அண்ணே, தவணை," என்று நான் இரண்டு தடவை சொல்ல வேண்டியிருந்தது. அப்போதுதான் அங்கம்மா பெட்டியைக் கீழே வைத்துவிட்டு முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

அவர்களை லிந்துலை பஸ்ஸில் ஏற்றிவிட்டு, மத்தியானம் ஒன்றரை மணிக்குத் திரும்ப ஹாவாஎலியவுக்குப் போனேன். காளிமுத்துவின் சட்டை என் கைப்பிடியில்தான் இருந்தது. மழை வலுத்து, வேலையை நிறுத்தியிருந்தார்கள். அவர் பங்களாவின் பின் தாழ்வாரத்தில் குந்தியிருந்தார். தவணை, செக்ரோல் என்று நான் விவரமாகச் சொல்லத் தொடங்கினேன். அவர் இடையில் கேட்டது ஒரே கேள்விதான்.

"பேரைக் கூப்பிட்டப்ப அவரு இருந்தாருங்களா?"

"இருந்தாரு அண்ணே."

தலையை ஆட்டினார். சட்டையை வாங்கிப் போட்டுக்கொண்டார்.

செவ்வாய்க்கிழமை காலை ஏழு மணிக்குப் புறப்பட்டுப் பதினொன்றேகாலுக்கு ஹட்டனுக்கு வந்துவிட்டேன். போக எட்டரை மணி நேரம், வர நாலேகால். நானுஓயா இறக்கத்தில் மட்டும் அவசரப்படாதீர்கள். வளைவுகளில் ஈரப் பாசி இருக்கிறது. என் முன் பிரேக் கட்டை அங்கேயே தேய்ந்து தீர்ந்தது.

மறு வருடம் பாதியில் ஒரு நாள் அங்கம்மா எங்கள் மருந்துக் கடைக்கு வந்தார். இருமல் மருந்து வாங்கத்தான் வந்ததாகச் சொன்னார். மருந்தை வாங்கிய பிறகும் நின்றுகொண்டிருந்தார். பிறகு, "கெடச்சிருச்சிங்க தம்பி," என்றார். பதிவுப் பத்திரத்தில் வீரமுத்து என்கிற வீரன் என்று இரண்டு பெயரும் இருக்கிறதாம். கல்லாவில் உட்கார்ந்திருந்த முதலாளிக்கு நான் ஏன் அன்றைக்கு ஒரு மணி நேரம் சும்மா சிரித்துக்கொண்டே இருந்தேன் என்று இன்றுவரை தெரியாது.

இனி, போக நினைப்பவர்களுக்கு. தனியாகப் போகலாம், ஆனால் பம்பும் ஒட்டுச் சாமானும் கையில் இருக்கட்டும். தலவாக்கலையை விட்டால் நானுஓயா வரை சைக்கிள் கடை கிடையாது. விடிவதற்குள் ஹட்டனை விட்டுவிடுங்கள். கொஞ்சம் சிங்களம் தெரிந்திருந்தால் நல்லது. சாப்பாடு, சாயத்தண்ணி எல்லாம் சேர்த்து மூன்று நாளைக்கு ஐந்து ரூபாய் எனக்குப் போதுமாக இருந்தது. நுவரெலியாவில் பந்தயத் திடலைப் பார்த்துவிட்டுத் திரும்பிவிடாதீர்கள். பம்பரக்கலை மேட்டுக்கும், வாவி முடிந்த பிறகு வரும் ஹாவாஎலிய பக்க ரோடுகளுக்கும் போங்கள். ஊர் அங்கேதான் குடியிருக்கிறது.

இந்த வருடம் ஆகஸ்ட் கடைசியில் நான் மறுபடியும் போனேன். காளிமுத்து அதே மரக்கறித் தோட்டத்தில்தான் இருக்கிறார். அவருக்கு இன்னும் எந்தப் பத்திரமும் கிடையாது. யார் யாரையோ பார்த்து நானும் இரண்டு மனு எழுதிக் கொடுத்தேன். தவணை தாண்டிவிட்டது என்றுதான் பதில் வந்தது. இரண்டு மாதத்துக்கு முன்னால் அவருக்கு இன்னொரு பெண் குழந்தை பிறந்திருக்கிறது. மூன்றாம் நாளே மழையில் நடந்து போய்ப் பிறப்பைப் பதிந்துவிட்டு வந்திருக்கிறார். நான் குடிசைக்குள் நுழைந்ததும் கையைக் கழுவித் துடைத்துக்கொண்டு அந்தச் சீட்டை எடுத்து வந்தார்.

"பேரு சரியா இருக்கான்னு பாருங்க தம்பி. எழுத்து எழுத்தா வாசிங்க."

குடியுரிமைக்கு அது மட்டும் போதாது என்று எனக்குத் தெரியும். அவருக்கும் தெரியும். வாசலில் வெளிச்சம் இருந்த இடத்தில் உட்கார்ந்து வாசித்தேன். தகப்பன் பெயர், தாய் பெயர், பிறந்த ஊர், பிள்ளையின் பெயர் செல்வராணி. ஒவ்வொரு எழுத்தாகச் சொல்லச் சொல்ல, காளிமுத்துவும் அவர் மனைவியும் மூத்த மகளும் அதைத் திரும்பச் சொன்னார்கள். ஒரு பிழையும் இல்லை.